பிரிகேடியர்: களத்தின் கடைசிப் படி, தலைமையின் முதல் படி

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்திய ராணுவத்தில் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்ட அதிகாரிகளும், எந்த ரெஜிமெண்டிலிருந்து, அதாவது தனிப் பெயரும் மரபும் கொண்ட எந்தப் படைக் குடும்பத்திலிருந்து, வந்தவர்களாக இருந்தாலும், ஒரே மாதிரியான சீருடையை அணிகிறார்கள். தலையணி, தோள்பட்டைச் சின்னங்கள், கழுத்துப்பட்டைச் சின்னம், இடைவார், காலணி ஆகியவை அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன. தோளிலிருந்து தொங்கும் ரெஜிமெண்டின் வண்ணக் கயிறு நீக்கப்பட்டது. கர்னல் வரையிலான அதிகாரிகளுக்கு எதுவும் மாறவில்லை. கூர்க்கா ரெஜிமெண்டின் சாய்ந்த தொப்பியும், பாராசூட் ரெஜிமெண்டின் மரூன் நிற பெரே தொப்பியும், கவசப் படையின் கறுப்பு பெரேவும் அவர்களுக்கு முன்போலவே தொடர்கின்றன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உடலோடு ஒட்டியிருந்த அடையாளத்தைப் பிரிகேடியராகும் நாளில் ஓர் அதிகாரி கழற்றி வைக்க வேண்டும் என்பதே இந்த ஆணையின் பொருள்.

அந்த எல்லைக்கோட்டைக் கர்னலிலோ மேஜர் ஜெனரலிலோ போடாமல் பிரிகேடியரில் போட்டதற்குக் காரணம் உண்டு. கர்னல் தன் சொந்த ரெஜிமெண்டின் பட்டாலியனைத் தலைமை தாங்குகிறவர். அங்கே ரெஜிமெண்ட் பெருமிதம் என்பது அலங்காரமல்ல, படைவீரனைத் தாக்குதலில் முன்னோக்கி நடக்க வைக்கும் விசைகளுள் ஒன்று. பிரிகேடியரின் கீழுள்ள பிரிகேடில் வருபவையோ வெவ்வேறு ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த மூன்று பட்டாலியன்கள். அவற்றில் ஒன்று தம்முடையதாக இருந்தால், மற்ற இரண்டும் அவருடைய ஒவ்வோர் ஆணையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். ஆகவே பிரிகேடியர் என்பது வெறுமனே கர்னலுக்கு அடுத்த படி அல்ல. ஓர் அதிகாரி ஒரு குடும்பத்தின் ஆளாக இருப்பதை நிறுத்திவிட்டு ராணுவத்தின் ஆளாக மாறும் இடம். இந்தப் பதவியைப் பற்றிய ஏறத்தாழ எல்லாச் சர்ச்சைகளும் இந்த இடைநிலைத் தன்மையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

சின்னங்களிலேயே அந்த இடைநிலை தெரிகிறது. பிரிகேடியரின் தோள்பட்டையில் அசோகச் சிங்கமும், அதன் கீழே முக்கோணமாக அடுக்கிய மூன்று நட்சத்திரங்களும் இருக்கும். மேஜருக்குச் சிங்கம் மட்டும், லெப்டினன்ட் கர்னலுக்குச் சிங்கமும் ஒரு நட்சத்திரமும், கர்னலுக்குச் சிங்கமும் இரண்டு நட்சத்திரங்களும் என்ற வரிசையின் இயல்பான தொடர்ச்சி அது. ஜெனரல்களுக்கு உரிய, குறுக்காக வைத்த வாளும் கோலும் மேஜர் ஜெனரலிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் அதே பிரிகேடியரின் கழுத்துப்பட்டையில் உள்ள சிவப்புத் துண்டில் ஒரு நட்சத்திரம் பதிந்திருக்கும். அவருடைய வாகனத்தின் முன்னுள்ள பலகையிலும் ஒரு நட்சத்திரம் இருக்கும். தோள் அவரைக் கள அதிகாரிகளின் வரிசையில் நிறுத்துகிறது, கழுத்து அவரை நட்சத்திர அதிகாரிகளின் வரிசையில் சேர்க்கிறது.

இந்த இரட்டைநிலை பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே பிரிகேடியர் ஜெனரல் என்ற பெயரில் பிரிகேடு தலைவர்கள் இருந்தார்கள். போருக்குப் பின், 1920-களின் தொடக்கத்தில், அந்தப் பெயர் ஒழிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கர்னல் கமாண்டன்ட் என்ற பெயர் புழங்கிய பிறகு, 1928-இல் 'ஜெனரல்' என்ற பின்னொட்டு இல்லாத பிரிகேடியர் நடைமுறைக்கு வந்தார். அமெரிக்கா இன்றும் பிரிகேடியர் ஜெனரல் என்றே வைத்திருக்கிறது. அங்கே அவர் ஐயமில்லாமல் ஜெனரல்தான். இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் பிரிட்டிஷ் வழியில் நின்றுவிட்டன. கடற்படையில் கமோடோரும் விமானப் படையில் ஏர் கமோடோரும் இதற்கு இணையானவர்கள்.

காலனிய ராணுவத்தில் இந்தியர் ஒருவர் இந்த இடத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945-இல், பர்மாவின் அரக்கான் பகுதியில் கே.எஸ். திம்மையா 36-ஆவது இந்திய காலாட்படை பிரிகேடின் தலைமையை ஏற்றார். போர்க்களத்தில் ஒரு பிரிகேடை நடத்திய முதல் இந்தியர் அவர்தான். விடுதலைக்குப் பிறகு இரண்டரை மாதங்களுக்குள் காஷ்மீரில் போர் மூண்டபோது, பிரிகேடு நடத்திய அனுபவமுள்ள இந்தியர்கள் எவ்வளவு குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது.

பிரிகேடு என்பது என்ன? வழக்கமான காலாட்படை பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 800 பேர். அவற்றோடு சிக்னல், பொறியாளர், மருத்துவம், தளவாடம் ஆகிய துணைப் பிரிவுகளையும் சேர்த்தால் மூவாயிரத்தைத் தாண்டும். பீரங்கி ரெஜிமெண்ட் ஒன்றும் அதற்கு ஆதரவாக இணைக்கப்படும். எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறு. பட்டாலியனில் பெரும்பாலும் ஒரே வகை வீரர்கள். பிரிகேடில்தான் முதன்முறையாகக் காலாட்படையும் பீரங்கியும் பொறியாளரும் ஒரே மனிதரின் திட்டத்தின் கீழ் இயங்குகிறார்கள். அதே வேளையில் அந்த மனிதர் தம் முன்னணி நிலைகளை நடந்தே போய்ப் பார்த்துவிட முடியும். பல பிரிகேடுகளைக் கொண்ட டிவிஷனைத் தலைமை தாங்கும் மேஜர் ஜெனரலுக்கு அந்த நெருக்கம் வாய்ப்பது அரிது. அவர் போரைப் பெரும்பாலும் வரைபடத்திலும் அறிக்கைகளிலும் பார்க்கிறவர்.

ஒரு தாக்குதலுக்கு முன் பிரிகேடு தலைமையகத்தில் நடக்கும் 'ஓ குரூப்' எனப்படும் ஆணைக் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பதவியின் வேலை விளங்கும். தரையில் மணலைக் குவித்து, எதிரில் உள்ள மலைமுகடுகளும் ஓடைகளும் பாதைகளும் அளவு பிசகாமல் அமைக்கப்பட்டிருக்கும். வண்ண நாடாக்கள் எல்லைகளையும், சிறு அட்டைகள் எதிரியின் நிலைகளையும் காட்டும். முன்வரிசையில் மூன்று பட்டாலியன்களின் தலைவர்கள். பக்கத்தில் பீரங்கி ரெஜிமெண்டின் தலைவர். பின்னால் பொறியாளரும் சிக்னல் அதிகாரியும் தளவாட அதிகாரியும். நேரத்தையும் வரிசையையும் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஓட்டுபவர் 'பிரிகேட் மேஜர்' என்னும் பணியிலுள்ள இளைய அதிகாரி. பிரிகேடியர் பேசும் நேரம் குறைவு. எந்த பட்டாலியன் முதலில் ஏறும், எது காத்திருக்கும், பீரங்கிக் குண்டுகளில் பெரும்பங்கு யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் தரும் விடையிலேயே திட்டம் அடங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று கர்னல்களும் சில ஆண்டுகளுக்கு முன் அவர் இருந்த அதே நாற்காலியில் இருப்பவர்கள். ஒவ்வொருவரும் தம் பட்டாலியனே முதலில் போக வேண்டும் என்று நினைப்பவர்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்வதுதான் அவருடைய கடினமான வேலை.

பிரிகேடியரின் நாற்காலிக்கு வருவதே பெரிய வடிகட்டல். லெப்டினன்ட் கர்னல் பதவி 13 ஆண்டு சேவை முடிந்தால் கால அடிப்படையில் கிடைத்துவிடும். கர்னல் பதவிக்கு மூன்றாம் எண் தேர்வுக் குழு இருக்கிறது. அதில் தேறாதவர்களுக்கும் 26 ஆண்டு சேவைக்குப் பின் கால அடிப்படையிலான கர்னல் பதவி உண்டு. பிரிகேடியருக்கு அப்படி ஒரு பின்வாசல் கிடையாது. இரண்டாம் எண் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தால் மட்டுமே அந்தப் பதவி. அந்தக் குழுவின் முன் வைக்கப்படும் கோப்பில் அதிகாரியின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் எழுதப்பட்ட ரகசிய அறிக்கைகள், குறிப்பாகக் கர்னலாக அவர் பட்டாலியனைத் தலைமை தாங்கிய காலத்து அறிக்கைகள், பெற்ற பயிற்சிகள், விருதுகள் ஆகியவை எண்களாக மாற்றப்பட்டு எடைபோடப்படும். முறை நேர்மையாகத் தோன்றினாலும் அதில் ஒரு கொடுமை உண்டு. பட்டாலியன் தலைமையில் இருந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு மேலதிகாரி சராசரியாக எழுதிவிட்ட அறிக்கை, இருபத்தைந்து ஆண்டு உழைப்பைக் கர்னல் பதவியோடு நிறுத்திவிடக்கூடும். ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் பதவி உயர்வு வழக்குகள் ஓயாமல் வருவதில் வியப்பில்லை.

கார்கில் போருக்குப் பின், படைகளைத் தலைமை தாங்குவோரின் வயது அதிகமாக இருக்கிறது என்ற கவலையின் பேரில் அமைக்கப்பட்ட அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைகள் 2004 முதல் நடைமுறைக்கு வந்தன. கர்னல், பிரிகேடியர் பணியிடங்கள் கூட்டப்பட்டன. அந்தக் கூடுதல் இடங்களை எந்தப் படைக்கு எத்தனை என்று பங்கிடுவதில் காலாட்படைக்கும் பீரங்கிப் படைக்கும் அதிகம் போனது என்ற குறை எழுந்தது. கர்னல் பணியிடங்கள் குறித்த அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016-இல் ராணுவத்தின் கொள்கை பெருமளவில் ஏற்கப்பட்டது. கர்னல் நிலையில் யாருக்கு எத்தனை இடம் என்பதுதான் பிற்காலத்தில் பிரிகேடியர் தேர்வுக்கு யார் வரிசையில் நிற்பார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதால், இதை வெறும் கணக்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

பதவியின் உள்ளடக்கத்தைச் சட்டப் பிரிவுகளைவிடப் போர்களே நன்றாகக் காட்டுகின்றன. பிரிகேடியர் முகமது உஸ்மான் பலூச் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். பிரிவினையின்போது அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று, அவர் போகவில்லை, டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார். காஷ்மீர்ப் போரில் 1947 டிசம்பர் 25 அன்று ஜாங்கர் என்ற ஊர் கைவிட்டுப் போன பிறகு, அதை மீட்கும் வரை கட்டிலில் படுப்பதில்லை என்று முடிவெடுத்து, கடுங்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார் என்பது ராணுவத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தலைவராக 1948 பிப்ரவரியில் நௌஷேராவைக் காத்தார். மார்ச் 18-இல் ஜாங்கர் மீட்கப்பட்டது. ஜூலை 3 அன்று அதே ஜாங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து இறந்தார். போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா அவருக்கு இறப்புக்குப் பின் அளிக்கப்பட்டது. பிரிகேடியர் நிலையில் இருப்பவர் எதிரியின் பீரங்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, இதே நெருக்கம் வேறுவிதமாகச் சோதிக்கப்பட்டது. 1962-இல் கிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றின் தென்கரையில் 7-ஆவது காலாட்படை பிரிகேடு நிறுத்தப்பட்டது. அதன் தலைவர் பிரிகேடியர் ஜான் தால்வி. எதிரே உயர்ந்து நின்ற தாக்லா முகட்டிலிருந்து சீனரை வெளியேற்ற வேண்டும் என்பது ஆணை. வீரர்களிடம் இருந்தது பருத்திச் சீருடை. உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து போடப்பட்டாக வேண்டும், அவற்றில் பல கைக்கு எட்டாமல் பள்ளத்தாக்குகளில் விழுந்தன. பீரங்கி ஆதரவு பெயரளவுக்கே இருந்தது. ஆற்றங்கரையின் தாழ்ந்த நிலைகள் முழுவதும் மேலிருந்து எதிரியின் பார்வையில் இருந்தன. அவருக்கு மேலே டிவிஷன் தலைவரும், அக்டோபர் தொடக்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற, டிவிஷனுக்கு மேலான படையமைப்பாகிய கோரின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌலும் இருந்தார்கள். கௌல் நேரடியாக பிரிகேடு பகுதிக்கே வந்து அங்கிருந்து ஆணையிட்டார். தளத்தை அறிந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. முடிவெடுத்தவர்கள் தில்லியின் அரசியல் நெருக்கடியைக் கணக்கில் கொண்டார்களே தவிர, தளத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. அக்டோபர் 20 விடியலில் சீனத் தாக்குதல் தொடங்கி, சில மணி நேரத்தில் பிரிகேடு சிதறியது. தால்வி 22-ஆம் தேதி சிறைபிடிக்கப்பட்டு, 1963 மே மாதம் விடுவிக்கப்பட்டார். ஒரு பிரிகேடியர் மறுத்துச் சொல்லும் உரிமையை எதுவரை பயன்படுத்தலாம், எந்த இடத்தில் பதவியைத் துறந்தாவது மறுக்க வேண்டும் என்ற கேள்வி இந்திய ராணுவத்தில் இன்றும் நம்கா சூவை வைத்தே பேசப்படுகிறது. என் பார்வையில், அங்கே தோற்றது பிரிகேடு அல்ல. பிரிகேடியரின் சொல்லுக்கு மேலே இடமில்லாமல் போன ஓர் அமைப்பு.

மேலிடம் இடம் கொடுத்தால் இதே பதவி என்ன செய்யும் என்பதற்கு 1971 ஜமால்பூர் எடுத்துக்காட்டு. டாக்காவுக்கு வடக்கே பிரம்மபுத்திரா கரையில் இருந்த அந்த ஊரைப் பாகிஸ்தானின் 31-ஆவது பலூச் பட்டாலியன் காத்துக்கொண்டிருந்தது. 95-ஆவது மலைப் பிரிகேடின் தலைவர் ஹர்தேவ் சிங் கிளேர் நேராக மோதாமல், ஆற்றைக் கடந்து ஊரின் பின்புறம் சென்று, டாக்காவுக்குப் போகும் சாலையை மறித்தார். டிசம்பர் 9 அன்று, சுற்றிவளைக்கப்பட்டுவிட்டதை எடுத்துச் சொல்லிச் சரணடையுமாறு ஒரு கடிதம் எழுதி, உள்ளூர் முதியவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பாகிஸ்தான் தலைவர் லெப்டினன்ட் கர்னல் சுல்தான் அகமது மறுத்து எழுதிய பதிலோடு, அந்தத் தாளில் ஒரு துப்பாக்கித் தோட்டாவையும் மடித்து வைத்து அதே முதியவரிடம் திருப்பி அனுப்பினார். மறுநாள் இரவு அந்தப் படை வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியேற முயன்றபோது, சாலையில் பதுங்கியிருந்த மராத்தா வீரர்களிடம் நேராக வந்து சிக்கியது. விடிந்ததும் எஞ்சியவர்கள் சரணடைந்தார்கள். கிளேருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிளேர் காலாட்படைக்காரர் அல்லர், சிக்னல் படையைச் சேர்ந்தவர். பிரிகேடியரான பின் எந்தப் படையிலிருந்து வந்தார் என்பது பொருட்டல்ல என்று 2023-இன் சீருடை ஆணை சொன்னதை அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலில் காட்டிவிட்டார்.

ஆனால் எல்லாப் பிரிகேடியர்களும் பிரிகேடு நடத்துவதில்லை என்பதுதான் இன்றைய நிலை. டிவிஷனில் துணைத் தலைவர், கோர் தலைமையகத்தில் பணித்துறைப் பொறுப்பு, கிளர்ச்சி எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸின் செக்டர் தலைவர், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் போன்ற பயிற்சி மையங்களின் கமாண்டன்ட், தில்லித் தலைமையகத்தில் துணைத் தலைமை இயக்குநர் எனப் பலவகைப் பணிகளில் அவர்கள் இருக்கிறார்கள். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் செக்டர் போன்றவை உண்மையில் களப்பணிதான். மேசையில் அமர்ந்த பிரிகேடியரின் நிலை வேறு. மேலே ஜெனரல் முடிவெடுக்க, கீழே கர்னல் கோப்பைத் தயாரிக்க, நடுவில் அவர் கையொப்பம் ஒரு நிறுத்தம் மட்டுமே.

2018-இல் ராணுவம் நடத்திய சீரமைப்பு ஆய்வுகளின்போது பிரிகேடியர் பதவியையே எடுத்துவிட்டு, கர்னலிலிருந்து நேராக மேஜர் ஜெனரலுக்குப் போகலாமா என்று ஆராயப்பட்டதும் இதனால்தான். குடிமைப் பணி அதிகாரிகள் இணைச் செயலர் நிலையை எட்டும் சேவைக் காலத்தில் ராணுவ அதிகாரிகள் இரண்டு படி கீழே நிற்கிறார்கள் என்ற பழைய மனக்குறையும் அதற்குப் பின்னால் இருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வராதது நல்லது என்றே நினைக்கிறேன். கூடுதலாக இருப்பது பதவியல்ல, அதன் பெயரில் உருவாக்கப்பட்ட மேசைகள்.

சம்பளத்திலும் இதே இடைநிலைதான். 7-ஆவது ஊதியக் குழுவின்படி பிரிகேடியருக்கு 13ஏ நிலை, 1,39,600 ரூபாயில் தொடங்கி 2,17,600 வரை. அதற்கு மேல் மாதம் 15,500 ரூபாய் ராணுவ சேவைச் சம்பளம். இந்தச் சேவைச் சம்பளம் பிரிகேடியரோடு நின்றுவிடுகிறது. மேஜர் ஜெனரலுக்குத் தனியாகக் கிடையாது, பதவி உயர்வின்போது சம்பளத்தை நிர்ணயிக்கையில் மட்டும் கணக்கில் கொள்ளப்படும். மேஜர் ஜெனரலின் 14-ஆம் நிலையின் உச்சம் 2,18,200. ஆக, உச்சத்தில் உள்ள பிரிகேடியரின் இரண்டு தொகைகளையும் கூட்டினால் மேலதிகாரியின் சம்பள உச்சத்தைத் தாண்டிவிடும். போர்க்களத்தின் கடுமைக்கு ஈடாகத் தரப்படும் தொகை எந்தப் படியில் நிறுத்தப்படுகிறது என்பதிலிருந்து, களம் எங்கே முடிகிறது என்று அரசு கருதுகிறது என்பதையும் ஊகிக்கலாம். ஓய்வு வயதும் படிப்படியாகவே ஏறுகிறது: கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58.

மருத்துவப் பிரிவிலும் செவிலியர் பிரிவிலும் பெண்கள் நெடுங்காலமாகவே பிரிகேடியர்களாகவும் அதற்கு மேலும் இருந்திருக்கிறார்கள். வேறு பல படைகளில் வாசல் திறந்தது 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் மறுக்கப்படக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகுதான். 2023-இல் சிறப்புத் தேர்வுக் குழு வழியே கர்னல்களாகிப் படைப்பிரிவுகளின் தலைமையை ஏற்ற பெண்களின் அந்தக் காலத்து அறிக்கைகள்தான் இரண்டாம் எண் குழுவின் முன் வரும்.

பதவியின் அடுத்த மாற்றம் பிரிகேடின் உள்ளடக்கத்திலேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலை 26 அன்று திராஸில் ராணுவத் தலைமைத் தளபதி உபேந்திர திவிவேதி 'ருத்ரா' பிரிகேடுகளை அறிவித்தார். காலாட்படை, இயந்திரமயக் காலாட்படை, டாங்கிகள், பீரங்கி, சிறப்புப் படை, ஆளில்லா விமானங்கள் ஆகிய எல்லாம் தளவாட ஆதரவோடு ஒரே பிரிகேடுக்குள் நிரந்தரமாக அமைகின்றன. இரண்டு காலாட்படை பிரிகேடுகள் ஏற்கெனவே அப்படி மாற்றப்பட்டுவிட்டன. இதுவரை டாங்கியோ கூடுதல் பீரங்கியோ வேண்டுமென்றால் பிரிகேடியர் டிவிஷனிடம் கேட்டுப் பெற வேண்டும். கிடைத்தாலும் முன்பின் பழகாத பிரிவாகவே அது வந்து சேரும். இனி அவை அன்றாடம் அவரோடு பயிற்சி செய்யும் பிரிவுகளாக இருக்கும். அதற்கு ஈடாக, வாழ்நாளின் பெரும்பகுதியைக் காலாட்படையில் கழித்த ஒருவர் டாங்கிப் படையின் எரிபொருள் தேவையையும், ஆளில்லா விமானத்தின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும், எதிரியின் மின்னணு இடையூறில் தம் தொடர்பு எப்போது அறுபடும் என்பதையும் தாமே அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. முன்பு டிவிஷன் தலைமையகத்தின் பெரிய பணிக்குழு பார்த்துக்கொண்ட இந்தக் கணக்குகளை பிரிகேட் மேஜரும் ஒரு சில இளைய அதிகாரிகளும் எப்படித் தாங்குவார்கள் என்பதைப் பொறுத்தே, புதிய பிரிகேடியருக்கு முன்னணி நிலைகளை நடந்துபோய்ப் பார்க்க நேரம் மிஞ்சுமா என்பது தெரியவரும்.